அட்டையில் ஒரு நிறம், சுவரில் வேறு நிறம்!

தீபாவளி நெருங்கும்போது பல வீடுகளில் சாயம் பூசும் வேலை தொடங்கிவிடும். வரவேற்பறைக்கு என்ன நிறம் என்ற பேச்சு கடைசியில் இரண்டில் வந்து நிற்பதுண்டு: வெளிர் சாம்பல் அல்லது இளம்பழுப்பு. கடையில் நிற அட்டைகளைப் பார்க்கும்போது இரண்டும் அடக்கமாகவே தெரியும். சுவர்களில் பூசிய பிறகுதான், “நாம் தேர்ந்தெடுத்தது இதுவா?” என்று திகைப்போம்.

சுவருக்குச் சொந்த ஒளி கிடையாது. தன்மீது விழும் ஒளியில் ஒரு பகுதியை உறிஞ்சிக்கொண்டு, மீதியைத் திருப்பி அனுப்புகிறது. சாம்பல், எல்லா நிறங்களையும் ஏறக்குறைய சம அளவில் திருப்பி அனுப்பும். இளம்பழுப்பு, நீலத்தைச் சற்று அதிகமாக உறிஞ்சும்.

இந்தச் சிறு வேறுபாடு அறைக்குள் பெருகும். ஓர் இளம்பழுப்புச் சுவர், சிவப்பொளியில் 60 விழுக்காட்டையும் நீல ஒளியில் 50 விழுக்காட்டையும் திருப்பி அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். அது எதிர்ச்சுவரில் பட்டுத் திரும்பும்போது சிவப்பில் 36, நீலத்தில் 25 விழுக்காடுதான் மிஞ்சும். நீலத்தைவிட 1.2 மடங்காக இருந்த சிவப்பு, இப்போது 1.44 மடங்கு! அட்டையில் மெலிதாகத் தெரிந்த பழுப்பு, அறையில் அடர்த்தியாகத் தெரிவது இதனால்தான்.

விளக்கும் முக்கியம். 2,700 கெல்வின் எல்இடி விளக்கின் மஞ்சள் ஒளியில் நீலம் குறைவு. அதன்கீழ் இளம்பழுப்பு மேலும் மஞ்சளாகத் தெரியும். 6,500 கெல்வின் வெண்ணிற விளக்கில் நீலம் அதிகம். அதன்கீழ் சாம்பல் சுவர் நீலம் கலந்ததுபோல் தோன்றலாம்.

வடக்கு நோக்கிய அறையில் நேரடி வெயில் விழாது என்று சில வெளிநாட்டு நூல்கள் கூறும். பூமத்திய ரேகைக்கு அருகிலுள்ள சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் அது பொருந்தாது. ஜூனில் நண்பகல் சூரியன் வடக்கே இருக்கும், டிசம்பரில் தெற்கே.

அப்படியானால் எப்படித் தேர்ந்தெடுப்பது? இதோ எளிய சோதனை. ஒவ்வொரு நிறத்தையும் இரண்டு பெரிய அட்டைகளில் இரண்டு முறை பூசி, நன்கு காயவிடுங்கள். ஒரே நிற அட்டைகள் இரண்டையும் பாதி திறந்த புத்தகம்போல் நிறுத்தி உட்புறம் பாருங்கள். சுவர்கள் ஒன்றின்மீது ஒன்று ஒளி வீசும்போது நிறம் எப்படி மாறும் என்பது தெரியும். காலையிலும் மாலையிலும், இரவில் உங்கள் வீட்டு விளக்கின்கீழும் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

ஓர் அட்டையின் விலை சிறிது. மறுபடியும் வீடு முழுக்கச் சாயம் பூசும் செலவு பெரிது.