அறுபத்தேழு ஞாபகம் இருக்கு, காலையில சாப்பிட்டது மறந்து போச்சு

நம் சங்கத்து விழாக்களில் இடைவேளைக் காப்பிக்கு நிற்கும்போது இரண்டு பேச்சுகள் தவறாமல் காதில் விழும். ஒன்று, "அந்தக் காலத்து தில்லி மாதிரி வருமா சார்!" இன்னொன்று, "இப்பல்லாம் எதுவுமே ஞாபகத்துல நிக்கறதில்ல." பெரும்பாலும் இரண்டையும் சொல்பவர் ஒருவரே. 1967ல் கரோல் பாக் மெஸ்ஸில் மாதச் சாப்பாட்டுக்கு என்ன கொடுத்தோம் என்று பைசா சுத்தமாகச் சொல்வார். மூக்குக் கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று வீடு முழுக்கத் தேடுவார்.

முப்பது வருஷம் கல்லூரியில் உளவியல் பாடம் நடத்தியவன் என்பதால், இதை விளக்கி மலருக்கு ஒரு கட்டுரை கேட்டார்கள். எழுத எனக்கு வேறொரு காரணமும் உண்டு. "பழசெல்லாம் எவ்வளவு தெளிவா சொல்றா, இவளுக்கா மறதி?" என்று சொல்லியே, வைத்தியம் பார்க்க வேண்டிய மறதியை இரண்டு மூன்று வருஷம் தள்ளிப்போட்ட குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன்.

முதலில் ஏக்கம். நாஸ்டால்ஜியா என்கிறார்களே, அந்தச் சொல்லை உண்டாக்கியது கவிஞர் அல்ல, ஒரு வைத்திய மாணவர். 1688ல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் யோகான்னஸ் ஹோஃபர் என்பவர், 'வீடு திரும்புதல்', 'வலி' என்று பொருள்படும் இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து, இதை ஒரு நோயின் பெயராகத் தம் ஆய்வேட்டில் எழுதினார். ஊரை விட்டுப் போன சுவிஸ்காரர்களுக்குத் தூக்கம் வராது, சாப்பாடு இறங்காது, உடம்பு இளைக்கும். மருந்து, ஊருக்கு அனுப்பி வைப்பது. ஜி.டி. எக்ஸ்பிரஸில் வந்து இறங்கி மூன்று வேளையும் சப்பாத்தியைப் பார்த்து விழித்தவர்களுக்கு இந்த நோயை நான் விளக்க வேண்டியதில்லை! பிற்காலத்தில் அந்தச் சொல்லின் பொருள் மெல்ல இடத்திலிருந்து காலத்துக்கு நகர்ந்துவிட்டது. ஊருக்கு டிக்கெட் எடுக்கலாம், 1967க்கு எடுக்க முடியாது.

ஏன் குறிப்பாக 1967? வயதானவர்களிடம் சில சொற்களைக் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் மனசில் வரும் சொந்த அனுபவத்தையும் அது நடந்த வயதையும் கேட்டுக் குறித்துக்கொண்டே போனால், அண்மைக் காலத்தைத் தவிர்த்துப் பார்க்கையில், ஏறக்குறைய பத்து முதல் முப்பது வயது வரையிலான ஞாபகங்கள் மட்டும் ஒரு மேடு போலக் குவிகின்றன. 1980களில் ஆராய்ச்சியாளர்கள் இதைக் கணக்கிட்டுக் காட்டினார்கள். முதல் சம்பளம், முதல் வாடகை அறை, கல்யாணம், முதல் குழந்தை எல்லாம் அந்த மேட்டில்தான் இருக்கின்றன. நாற்பத்தேழிலிருந்து ஐம்பத்திரண்டு வரை என்ன நடந்தது என்று கேட்டுப் பாருங்கள். அதே ஆபீஸ், அதே பஸ், அதே டிபன் பாக்ஸ். மூளை அதையெல்லாம் தனித்தனியாக எடுத்து வைப்பதில்லை.

நம்மைப் போன்றவர்களுக்கு இதில் இன்னொரு விஷயம் இருக்கிறது. 1998ல் ராபர்ட் ஷ்ராஃப், டேவிட் ரூபின் இருவரும், ஸ்பானிஷ் பேசும் நாடுகளிலிருந்து அமெரிக்காவில் குடியேறிய முதியவர்களை ஆராய்ந்தார்கள். முப்பது வயதைத் தாண்டிக் குடியேறியவர்களுக்கு அந்த நினைவு மேடே இடம் பெயர்ந்து, குடியேறிய வருஷங்களை ஒட்டி எழுந்திருந்தது. எல்லாம் புதிதாக இருக்கும் காலம் ஆழமாகப் பதிகிறது என்றுதான் இதற்குப் பொருள் கொள்ள வேண்டும். தமிழ்நாட்டிலேயே இருந்துவிட்டவர் பள்ளிக்கூடக் கதை சொல்லும்போது, நம் ஆட்கள் ரயிலிலிருந்து இறங்கிய கதையையே திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் இதுவாக இருக்கும் என்பது என் எண்ணம்.

ஆக, பொற்காலம் என்று தோன்றுவதற்கு நம் அப்போதைய வயசும் ஒரு காரணம். பெரியவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. அதே பொற்காலத்தில்தான் விடியற்காலைக் குளிரில் பால் பூத்தில் வரிசை நின்றோம், நல்ல அரிசிக்கு அலைந்தோம், ஊருக்கு டிரங்க் கால் புக் பண்ணிவிட்டு மணிக்கணக்கில் காத்துக் கிடந்தோம்.

அந்த ஞாபகமும் அப்படியே இருக்கிறதா என்றால், இல்லை. நினைவு என்பது பெட்டியில் வைத்த பொருளை எடுப்பது அல்ல, ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கட்டிக்கொள்வது என்று 1932லேயே பிரெடரிக் பார்ட்லெட் எழுதினார். என் பெரியப்பா 1964 மே மாதம் நேரு இறந்தபோது தீன் மூர்த்தி வாசலில் வெயிலில் நின்ற கதையை உருக்கமாகச் சொல்வார். ஒருநாள் பெரியம்மா சமையலறையிலிருந்தே, "நீங்க தில்லிக்கு வந்ததே அறுபத்தஞ்சுல தானே?" என்றார். அறைத் தோழர்கள் சொன்னது பல வருஷத்தில் அவருடைய அனுபவமாகவே ஆகியிருக்கிறது. இது பொய்யும் இல்லை, வியாதியும் இல்லை. இருபது வயதுக்காரர்களுக்கும் நடக்கும். 1986 ஜனவரியில் சாலஞ்சர் விண்கலம் வெடித்த மறுநாள், உல்ரிக் நைசர் என்ற உளவியலாளர் அந்தச் செய்தியை எங்கே, எப்படிக் கேட்டார்கள் என்று மாணவர்களிடம் எழுதி வாங்கினார். இரண்டரை வருஷம் கழித்து அவர்களில் 44 பேரிடம் மறுபடி கேட்டபோது, 11 பேர் முக்கிய விவரம் ஒன்றைக்கூடச் சரியாகச் சொல்லவில்லை. சொன்னவிதம் என்னவோ உறுதியாகத்தான் இருந்தது.

இனி மறதி. கண்ணாடியைத் தேடுவது பெரும்பாலும் மறதியே அல்ல. வைக்கும்போது மனசு போனில் இருந்தது, ஆகவே அது பதியவே இல்லை. தெரிந்தவர் பெயர் நாக்கு நுனியில் நின்று, ராத்திரி பல் தேய்க்கும்போது வருவதும் வயசோடு கூடும், சகஜம்தான். பயப்பட வேண்டியது வேறு மாதிரி. போன ஞாயிற்றுக்கிழமை கல்யாணத்துக்குப் போனது நினைவில்லை, "அந்த ஐஸ்கிரீம் நல்லா இருந்துச்சே" என்று எடுத்துக் கொடுத்தாலும் நினைவில்லை. அரை மணிக்குள் அதே கேள்வியை நாலு தடவை கேட்பது, நாற்பது வருஷமாக வைத்த சாம்பாரில் எது முதலில் என்று தடுமாறுவது, தினம் போகும் தெருவில் வழி தவறுவது, சில்லறை எண்ண முடியாமல் பர்ஸையே கடைக்காரரிடம் நீட்டுவது எல்லாம் இந்த வகை.

இத்தனைக்கும் நடுவில் 1967 பளிச்சென்று இருக்கும்! குடும்பம் ஏமாறுவது இங்கேதான். புதியது முதலில் அழியும், பழையது கடைசி வரை நிற்கும் என்று பிரான்ஸ் நாட்டு தியோடூல் ரிபோ 1881லேயே சொல்லிவிட்டார். அல்சைமர் நோய் வழக்கமாக முதலில் தாக்கும் பகுதிகளில் ஒன்று ஹிப்போகாம்பஸ். புதிய அனுபவத்தைப் பதிய வைப்பதற்கு அதுதான் வேண்டும். பல தடவை சொல்லிச் சொல்லி உறுதிப்பட்ட பழைய கதைகள் மூளையின் மற்ற பகுதிகளிலும் வேரூன்றி இருப்பதால் தப்பிக்கின்றன. ஆகவே அம்மாவின் ஞாபகத்தைச் சோதிக்க அவள் கல்யாணப் புடவையைப் பற்றிக் கேட்காதீர்கள். நேற்று யார் வந்தார்கள் என்று கேளுங்கள்.

வெளிமாநிலத்தில் இருக்கும் நமக்குச் சில தனிச் சிக்கல்கள் உண்டு. ஆறு மாதம் பிள்ளை வீடு, ஆறு மாதம் பெண் வீடு என்று பெற்றோர் மாறி மாறி இருக்கிறார்கள். சொந்த ஊரில் கை தானாகவே சுவிட்சைத் தேடும், கால் தானாகவே கொல்லைப்புறம் போகும். ஆரம்பக் குறைபாடு அந்தப் பழக்கத்தில் மறைந்தே இருக்கும். நொய்டாவின் பதினோராவது மாடிக்கு வந்ததும் வெளிப்படும். "இடம் மாறினதால வந்தது, போகப் போகச் சரியாயிடும்" என்று விட்டுவிடுகிறோம். சில பேருக்குச் சரியாகலாம். இரண்டு மாதத்துக்கு மேல் நீடித்தால் காட்டிவிட வேண்டும்.

காட்டும் இடத்தில் அடுத்த சிக்கல், பாஷை. எங்கள் குடியிருப்பில் திருநெல்வேலிப் பக்கத்து அம்மா ஒருவர், எழுபத்து நாலு வயது. ஒரு மருத்துவமனையில் இது என்ன மாதம் என்று இந்தியில் கேட்டார்கள். மகன் மொழிபெயர்த்தார். அந்த அம்மா "ஐப்பசி" என்றார். தப்பு என்று குறித்துக்கொண்டார்கள்! எந்த மாடி, எந்த மாவட்டம் என்ற கேள்விகளுக்கும் அதே கதி. பிறகு தமிழ் தெரிந்த டாக்டர் ஒருவரைத் தேடிப் பிடித்தார்கள். கொஞ்சம் தடுமாற்றம் இருந்தது உண்மை. ஆனால் காதும் சரியாகக் கேட்கவில்லை, ரத்தத்தில் பி12 மிகக் குறைவு. ஊசி போட்டு, காதுக் கருவி மாட்டியதும் நன்றாகவே தேறினார்.

தைராய்டு, மனச்சோர்வு, தூக்க மாத்திரை, சோடியம் குறைவு, சிறுநீர்த் தொற்று, எல்லாமே மறதி மாதிரி வேஷம் போடும். சைவ சாப்பாட்டுக்காரர்களும், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் நெடுநாள் சாப்பிடுகிறவர்களும் பி12 பார்த்துக்கொள்வது நல்லது. காது விஷயத்தை லேசாக எடுக்க வேண்டாம். டிமென்ஷியாவுக்கு வழி வகுக்கும் காரணங்களில் நாம் மாற்றக்கூடியவை என்று 2024ல் லான்செட் குழு 14 காரணங்களைப் பட்டியலிட்டது, காது கேளாமை அதில் ஒன்று.

பயத்தில் தூக்கத்தைத் தொலைப்பவர்களுக்கு ஒரு கணக்கு. 60 வயதுக்கு மேற்பட்ட இந்தியர்களில் 7.4 சதவிகிதம், சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருப்பதாக 2023ல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. மீதிப் பேர் தேடுவது வெறும் கண்ணாடியைத்தான். இன்னொன்று, ஹைதராபாத் நிம்ஸ் மருத்துவமனையில் சுவர்ணா அல்லாடி குழுவினர் 648 டிமென்ஷியா நோயாளிகளை ஆராய்ந்து 2013ல் வெளியிட்டது. ஒரே மொழி பேசியவர்களைவிட, இரண்டோ மேற்பட்ட மொழிகளோ பேசியவர்களுக்கு நோய் சராசரியாக நாலரை வருஷம் தாமதமாக வந்திருந்தது. பள்ளிக்கூடமே போகாதவர்களிடமும் இந்த வித்தியாசம் தெரிந்தது. எல்லா ஊர் ஆய்வுகளும் இதை ஒத்துக்கொள்ளவில்லை. ஆனாலும் வீட்டில் தமிழ், காய்கறிக்காரரிடம் இந்தி, ஆபீஸில் ஆங்கிலம் என்று வாழ்ந்ததால் நஷ்டம் ஒன்றும் இல்லை.

நோய் முற்றினால் பின்னால் கற்ற மொழி முன்னால் நழுவுவது பலரிடம் காணப்படுகிறது. ஐம்பது வருஷம் இந்தியில் சரளமாகப் பேசியவர் வெறும் தமிழில் பேச ஆரம்பிப்பார். பார்த்துக்கொள்ள வரும் பெண்ணோ ஜார்க்கண்டிலிருந்து வந்திருப்பாள், பேரப்பிள்ளைகளுக்கும் தமிழ் அரைகுறை. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் இதற்காகவே ஒரு தாளில் தமிழ்ச் சொற்களை இந்தி எழுத்தில் எழுதி, பக்கத்தில் அர்த்தமும் போட்டு, பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறார்கள். தண்ணி, பசிக்குது, வலிக்குது, குளிருது, பாத்ரூம். சாயங்கால வேளைகளில் அந்தத் தாத்தா அதிகம் சொல்வதைக் கடைசியாகச் சேர்த்தார்கள்: "வீட்டுக்குப் போணும்." அதற்கு நேரே, இதுதான் உங்கள் வீடு என்று வாதாட வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்து கையில் காப்பி டம்ளரைக் கொடுத்து, வீட்டு வாசலில் என்ன மரம் இருந்தது என்று கேள் என்று எழுதியிருக்கிறார்கள். கேட்பதற்கான நாலு வார்த்தைத் தமிழையும் அந்தப் பெண்ணுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.