முன்னால் நிற்பவன் முந்தி ஓடவில்லை

போட்டி விளையாட்டு நாள் நெருங்கினால் ஜொகூரின் தெப்ராவ் வட்டாரப் பள்ளித் திடல்களில் வெள்ளைக் கோடுகள் முளைத்துவிடும். ஒரு முழுச் சுற்றுப் பந்தயத்தில் வெளித்தடத்துப் பிள்ளையைச் சில மீட்டர் முன்னால் தள்ளி நிறுத்துவார்கள். "சார், அவன் மட்டும் ஏன் முன்னுக்கு நிக்கிறான்?" என்று உள்தடத்துக்காரன் கேட்பது நியாயம்தான். "ரூல்ஸ் அப்படித்தான், ஓடு" என்று சொல்லி விசிலை எடுப்பதும் வழக்கம்தான்.

வட்டத்தின் சுற்றளவைச் சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல நேரம் எப்போது வரும்? முறையான ஓடுதளத்தில் ஒரு தடத்தின் அகலம் 1.22 மீட்டர். இரண்டாம் தடத்திலிருந்து மூன்றாவதற்குப் போனால் வளைவின் ஆரம் அந்த அளவு கூடுகிறது. இரு முனை வளைவுகளும் சேர்ந்தால் ஒரு முழு வட்டம். ஆக, 2 × 3.14 × 1.22, ஏறக்குறைய 7.66 மீட்டர் கூடுதல் ஓட்டம். அதைத்தான் தொடக்கத்திலேயே கழித்துக் கொடுக்கிறார்கள். இதில் எனக்குப் பிடித்த அதிசயம் ஒன்று உண்டு: இந்தக் கணக்கில் திடலின் அளவு எங்குமே வரவில்லை. பெரிய அரங்கின் 400 மீட்டர் சுற்றானாலும், பள்ளித் திடலில் கயிறு பிடித்துப் போட்ட 200 மீட்டர் சுற்றானாலும், தடத்தின் அகலம் ஒன்றென்றால் விடையும் அதேதான். பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். நம்ப வேண்டாம், அளவுநாடாவைக் கையில் கொடுத்தால் போதும்.

தசமத்துக்கு மலேசிய ஓட்டக்காரர் டாக்டர் மணி ஜெகதீசனை அழைக்கலாம். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் அவர் 200 மீட்டரை 20.92 விநாடியில் ஓடினார். 49 ஆண்டுகள் நின்ற அந்தத் தேசியச் சாதனையை 2017-இல் கைருல் ஹபிஸ் ஜந்தான் 20.90 விநாடியில் முறியடித்தார். 0.02 விநாடி என்றால் எவ்வளவு? அந்த வேகத்தில் 19 சென்டிமீட்டர். பென்சில் பெட்டியில் கிடக்கும் சின்ன அளவுகோலைவிடச் சற்றே நீளம். அதைக் கடக்க நாட்டுக்கு அரை நூற்றாண்டு பிடித்தது. புவியியலும் கூடவே வருகிறது: மெக்சிகோ நகரம் கடல்மட்டத்துக்கு மேலே 2,240 மீட்டர். காற்று அடர்த்தி குறைவு. குறுந்தூர ஓட்டக்காரருக்கு அது உதவியது, நெடுந்தூரக்காரரை மூச்சுத்திணற வைத்தது. ஓடிக்கொண்டே மருத்துவமும் படித்து முடித்தவர் ஜெகதீசன் என்பதைப் பெற்றோருக்காகச் சேர்த்துச் சொல்கிறேன்.

வகுத்தலுக்கு இன்னொரு மலேசியர்: 1998 கோலாலம்பூர் காமன்வெல்த் விளையாட்டுப் போட்டியில் ஜி. சரவணன் 50 கிலோமீட்டர் நடைப்போட்டியில் தங்கம் வென்றார். நேரம் 4 மணி 10 நிமிடத்தை ஒட்டியது. வகுத்துப் பார்த்தால் ஐந்து நிமிடத்துக்கு ஒரு கிலோமீட்டர், அதுவும் ஓடாமல்! தெப்ராவிலிருந்து கிளம்பினால் கோத்தா திங்கியையே தாண்டிவிடும் தூரம் அது. வரைபடத்தில் பிள்ளையே அளந்து பார்க்கட்டும்.

அறிவியலுக்கு நம் மாலை மழையே போதும். மின்னல் வெட்டினால் பயிற்சியை நிறுத்தித் திடலைவிட்டு வெளியேறத்தான் வேண்டும். பாதுகாப்பாக ஒதுங்கிய பிறகு ஒளிக்கும் இடிக்கும் இடையே விநாடிகளை எண்ணலாம். ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது; மூன்று விநாடி என்றால் ஒரு கிலோமீட்டர். ஒன்பது விநாடியில் இடி கேட்டால் மின்னல் மூன்று கிலோமீட்டரில் இருக்கிறது. அது தூரமே இல்லை. பத்து கிலோமீட்டருக்குள் இருந்தாலே ஆபத்து என்பதால்தான் முப்பது விநாடியை எல்லையாக வைத்திருக்கிறார்கள்.

செபாக் தக்ராவ் பந்தையும் எண்ணச் சொல்லுங்கள்: 12 துளைகள், 20 சந்திப்புகள். பழைய கறுப்பு வெள்ளைக் காற்பந்தில் 12 ஐங்கோணம், 20 அறுகோணம். பிரம்பு பின்னியவரும் தோல் தைத்தவரும் ஒரே வடிவியலில் போய் முட்டியிருக்கிறார்கள்.

ஒன்றை மட்டும் பிரித்துப் பார்க்க வேண்டும். "அலி 5 கோல், முத்து 3 கோல், மொத்தம் எத்தனை?" என்று பந்துப் படம் போட்டுக் கொடுக்கும் பயிற்சித்தாளுக்கும் விளையாட்டுக்கும் சம்பந்தமில்லை. முத்து என்றைக்கும் வியர்த்ததில்லை. பிள்ளை தானே ஓடி, தானே அளந்து, தனக்கே எழுந்த கேள்வியாக இருந்தால்தான் கணக்கு ஒட்டும். ஒவ்வோர் ஆட்டத்தையும் பாடமாக்கிவிடுவதும் கொடுமை. சில மாலைகள் சும்மா விளையாடத்தான். தொடக்கப்பள்ளி இறுதியில் எழுதிய யூபிஎஸ்ஆர் தேர்வு 2021-இல் ஒழிந்தது. ஆனாலும் புள்ளி குறைந்தால் முதலில் பறிக்கப்படுவது பந்துதான். பறிப்பவர்கள் எதையெல்லாம் சேர்த்துப் பறிக்கிறார்கள் என்று யோசிப்பதாகத் தெரியவில்லை.

மொழிப்பாடத்தில்தான் இழப்பு அதிகம் என்பேன். 'எங்கள் பள்ளிப் போட்டி விளையாட்டு' என்று கட்டுரை எழுதச் சொன்னால், கதிரவன் கிழக்கே உதிக்க, கொடிகள் பறக்க, சிறப்பு விருந்தினர் உரையாற்ற, மனனம் செய்தது அப்படியே இறங்கும். அஞ்சல் ஓட்டத்தில் தன் கையிலிருந்து குச்சி நழுவியதைப் பற்றி ஒரு வரி இருக்காது. அந்தப் பிள்ளையிடமே, ஒரு பந்தாட்டம் முடிந்து காரில் ஏறியதும், "ஜெயிச்சியா?" என்று கேட்டால் "இல்லப்பா" என்பதோடு பேச்சு முடியும். "ரெண்டாவது கோலை எப்படிம்மா விட்டீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். யார் எங்கே நின்றாள், எவள் பந்தைத் தவறவிட்டாள், நடுவர் எதைக் கவனிக்கவில்லை என்று காரணமும் வரிசையும் தானாக வரும். சாலை நெரிசலில் நிற்கும் நேரத்தில் வாய்மொழியாக ஒரு கட்டுரை முடிந்திருக்கும். வீட்டுக்குப் போனதும் கதிரவனை விட்டுவிட்டு அதை எழுதச் சொல்லலாம்.