நின்றுபோன எஞ்சினும் ஊசித் துளையும்

அமெரிக்காவின் வடக்கே மினசோட்டா என்று ஒரு மாநிலம் இருக்கிறது. அங்கே ஒரு பண்ணை. அக்டோபர் மாதம் வரை விறகு இழுக்கவும் வேலி பார்க்கவும் ஓடிக்கொண்டிருந்த ஒரு பழைய நான்கு சக்கர வண்டி, பனி விழத் தொடங்கியதும் கொட்டகையில் நிறுத்தப்படுகிறது. ஏப்ரல் மாதம் பனி உருகுகிறது. வண்டியை வெளியே தள்ளி வந்து ஸ்டார்ட் செய்து பார்க்கிறார்கள். எஞ்சின் இருமுகிறது, நின்றுவிடுகிறது. ‘சோக்’கை இழுத்துப் பிடித்தால் ஓடுகிறது. சோக்கைத் தள்ளியதும் மறுபடி நின்றுவிடுகிறது.

வண்டியில் எதுவும் உடையவில்லை. ஆறு மாதமாக யாரும் அதைத் தொடவும் இல்லை. பிறகு ஏன் ஓடவில்லை?

யாரும் தொடாததுதான் காரணம்! அது எப்படி என்று பார்ப்போமா?

மூன்று சக்கரத்தில் தொடங்கிய கதை

சாலை இல்லாத இடங்களிலும், சேற்றிலும், மணலிலும், பனியிலும் ஓடும் இந்த வண்டிக்கு ஏ.டி.வி. என்று பெயர். எல்லா நிலத்திலும் ஓடும் வண்டி என்பது அதன் பொருள். குளிர்காலத்தில் அமெரிக்காவில் மோட்டார் சைக்கிள் வாங்குவோர் குறைவு. அந்த நாட்களிலும் விற்கக்கூடிய ஒரு வண்டி வேண்டும் என்று விற்பனையாளர்கள் கேட்டார்கள். ஜப்பானின் ஹோண்டா நிறுவனத்தில் ஒசாமு தகேயுச்சி என்ற பொறியியலாளர் அதற்காக மூன்று சக்கர வண்டி ஒன்றை வடிவமைத்தார். பலூன் போன்ற பருத்த டயர்கள். அவற்றில் மிகக் குறைந்த காற்றழுத்தம். 1970-ல் இது விற்பனைக்கு வந்தது. 1980-களின் தொடக்கத்தில் சுசுகி நிறுவனம் நான்கு சக்கர ஏ.டி.வி.யைக் கொண்டுவந்தது. மூன்று சக்கர வண்டிகள் எளிதில் கவிழ்ந்ததால் பல விபத்துகள் நேர்ந்தன. 1988-ல் அமெரிக்காவில் புதிய மூன்று சக்கர வண்டிகளின் விற்பனை நிறுத்தப்பட்டது.

அந்தக் காலத்து நான்கு சக்கர வண்டிகள் பல இன்றும் பண்ணைகளில் உழைக்கின்றன. அவற்றில் பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குத் தரும் உறுப்பு கார்புரேட்டர். நம் நாட்டுப் பழைய மோட்டார் சைக்கிளிலும் ஸ்கூட்டரிலும் இருப்பது இதே உறுப்புதான்.

காற்றைக் கொண்டு பெட்ரோலை இறைப்பது

பெட்ரோல் தனியாக எரியாது. காற்றிலுள்ள ஆக்சிஜன் வேண்டும். 1 கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று தேவை. கன அளவில் சொன்னால், 1 லிட்டர் பெட்ரோலுக்கு ஏறத்தாழ 9,000 லிட்டர் காற்று! காற்று மிகுந்தால் கலவை தீப்பற்றாது. பெட்ரோல் மிகுந்தால் கரும்புகை வரும். இந்த அளவைக் காப்பதுதான் கார்புரேட்டரின் வேலை. அதற்கு மின்சாரம் இல்லை, பம்பு இல்லை. பிறகு எப்படிச் செய்கிறது?

ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் உறிஞ்சு குழல் ஒன்றைச் செங்குத்தாக நிறுத்துங்கள். அதன் மேல்முனை தண்ணீருக்குச் சற்று மேலே இருக்கட்டும். இன்னொரு குழலைக் குறுக்கே பிடித்து, முதல் குழலின் வாய்க்கு நேராகப் பலமாக ஊதுங்கள். தண்ணீர் குழலில் ஏறி, திவலைகளாகச் சிதறும். குழலின் வாயருகே காற்று விரைந்து செல்லும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. டம்ளரின் மேற்பரப்பை வாயுமண்டல அழுத்தம் அழுத்துகிறது. இந்த வேறுபாடுதான் தண்ணீரை மேலே தள்ளுகிறது.

கார்புரேட்டரிலும் இதே கதைதான். பிஸ்டன் கீழே இறங்கும்போது காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. காற்று செல்லும் குழாய் நடுவில் குறுகியிருக்கிறது. குறுகிய இடத்தில் காற்றின் வேகம் கூடுகிறது, அழுத்தம் குறைகிறது. கீழே ஒரு சிறு கிண்ணத்தில் பெட்ரோல் நிற்கிறது. அது நுண்ணிய துளைகள் வழியே மேலேறி, காற்றில் பூத்தூறலாகக் கலக்கிறது. 1893-ல் ஜெர்மனியில் வில்ஹெல்ம் மேபாக்கும், ஹங்கேரியில் தோனாத் பாங்கி, யானோஷ் சோன்கா ஆகிய இருவரும் இவ்வகைக் கார்புரேட்டர்களை உருவாக்கினார்கள்.

கிண்ணத்தில் ஒரு மிதவை உண்டு. வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் மிதக்கும் பந்து குழாயை மூடுவது போல, இந்த மிதவையும் பெட்ரோல் உயர்ந்ததும் ஓர் ஊசியைத் தள்ளி வழியை அடைத்துவிடும்.

பெட்ரோல் மேலேறும் பித்தளைத் துளைகளை மெக்கானிக்குகள் ‘ஜெட்’ என்பார்கள். எஞ்சின் மெதுவாகச் சுழலும்போது பெட்ரோல் தருவது ஸ்லோ ஜெட். வேகமெடுக்கும்போது தருவது மெயின் ஜெட். இடைப்பட்ட வேகங்களில் கூம்பு வடிவமான ஒரு நீண்ட ஊசி மேலும் கீழும் நகர்ந்து அளவைச் சரிசெய்கிறது.

பெட்ரோல் பிசினாவது எப்படி?

பெட்ரோல் ஒரே பொருள் அன்று. நூற்றுக்கணக்கான ஹைட்ரோகார்பன்களின் கலவை. வண்டி நின்றிருக்கும்போது எளிதில் ஆவியாகும் பொருள்கள் காற்றுத் துளை வழியே முதலில் வெளியேறிவிடுகின்றன. மிச்சத்தில் இரட்டைப் பிணைப்பு கொண்ட மூலக்கூறுகள் சில இருக்கும். அவை காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து, ஒன்றோடொன்று இணைந்து, பெரிய மூலக்கூறுகளாகின்றன. கடைசியில் கிண்ணத்தின் அடியில் தங்குவது வார்னிஷ் போன்ற பழுப்பு நிறப் பிசின்.

எத்தனால் கலந்த பெட்ரோலில் இன்னொரு தொல்லை. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும். ஈரம் மிகுந்தால் எத்தனாலும் நீரும் பிரிந்து அடியில் தங்கிவிடும். அது உலோகத்தை அரிக்கும். அலுமினியக் கலவையில் வெண்மையான பொடி பூக்கும்.

இந்தப் பிசின் முதலில் எதை அடைக்கும்? மிகச் சிறிய துளையைத்தான். ஸ்லோ ஜெட்டின் துளை ஏறக்குறைய 0.4 மில்லிமீட்டர், ஐந்தாறு தலைமுடிகளைச் சேர்த்துவைத்த கனம். இப்போது முதல் புதிர் விடுபடுகிறது. ஸ்லோ ஜெட் அடைத்துக்கொண்டதால் கலவையில் பெட்ரோல் போதவில்லை. சோக்கை இழுத்தால் பெட்ரோலின் பங்கு கூடுகிறது, எஞ்சின் ஓடுகிறது. சோக்கைத் தள்ளியதும் நின்றுவிடுகிறது.

கம்பியை எடுக்காதே!

துளை அடைத்திருக்கிறது என்றதும் பலரும் செய்யும் முதல் வேலை, ஒரு கம்பியை நுழைத்துக் குடைவது. இங்கேதான் வண்டி கெடுகிறது. ஏன் என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

துளையின் பரப்பு விட்டத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். 0.40 மி.மீ. துளையின் சுவரில் சுற்றிலும் 0.05 மி.மீ. பிசின் படிந்தால் விட்டம் 0.30 மி.மீ. ஆகிறது. பரப்போ 56 சதவீதமாகக் குறைந்துவிடுகிறது. ஏறக்குறையப் பாதி போயிற்று! இனி, கம்பியால் குடைந்ததில் துளை 0.45 மி.மீ. ஆகிவிட்டது என்று கொள்வோம். பரப்பு 27 சதவீதம் கூடிவிடும். பிசினைக் கரைக்கலாம், தேய்ந்த பித்தளையை மீண்டும் வளர்க்க முடியாது. புது ஜெட்தான் வாங்க வேண்டும்.

ஆகவே இந்த வேலையில் துளையைப் பெரிதாக்கக் கூடாது. அதன் பழைய அளவைத் திரும்பக் கொடுக்க வேண்டும்.

பிரித்தலும் கழுவுதலும்

இந்த வேலையை மாணவர்கள் தனியே செய்யக்கூடாது. விவரமறிந்த பெரியவர் உடனிருக்க வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து சென்று தொலைவிலுள்ள நெருப்பிலும் பற்றும். எனவே திறந்த வெளியில், நெருப்பும் பொறியும் இல்லாத இடத்தில், கண்களுக்குக் காப்பணிந்து செய்ய வேண்டும்.

முதலில் பெட்ரோல் குழாயை மூடி, கிண்ணத்தை வடித்து, கார்புரேட்டரைக் கழற்றுவார்கள். அதன் வெளிப்புற மண்ணைத் துடைத்த பிறகே திறக்க வேண்டும். ஜப்பானிய வண்டிகளின் கூட்டல்குறித் திருகுகள் நம் வழக்கமான திருகுகளைப் போலத் தோன்றினாலும் அவற்றின் பள்ளம் சற்று வேறுபட்டது. அதற்குரிய திருப்புளியே வேண்டும். இல்லாவிட்டால் திருகின் தலை மழுங்கிவிடும்.

மெதுவோட்டத்தைச் சரிசெய்யும் சிறு திருகு ஒன்று இருக்கும். அதைக் கழற்றுமுன் மெல்ல உள்ளே திருகி, எத்தனை சுற்றில் அடியைத் தொடுகிறது என்று எண்ணிக் குறித்துக்கொள்ள வேண்டும். திரும்பப் பூட்டும்போது அந்த எண்ணிக்கை வழிகாட்டும். அடியில் இறுக்கினால் அதன் கூர்முனை கெட்டுவிடும்.

ரப்பர் பாகங்களை எல்லாம் முதலில் எடுத்துவிட வேண்டும். கழுவும் திரவம் அவற்றை உப்பச் செய்துவிடும். பிறகு உலோகப் பாகங்களை கார்புரேட்டர் கழுவும் திரவத்தில் ஊறவைக்கலாம். பிசின் கரைந்ததும் ஒவ்வொரு துளையிலும் அழுத்தக் காற்றைச் செலுத்துவார்கள். ஜெட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால் துளை வட்டமாகப் பளிச்சென்று தெரிய வேண்டும். கார்புரேட்டரின் உடலுக்குள் ஓடும் வழிகளையும் மறக்கக்கூடாது. ஒரு துளையில் திரவத்தைப் பீய்ச்சினால் மறுமுனையில் வர வேண்டும். வராத வழி இன்னும் அடைத்திருக்கிறது.

மறுபடி பூட்டுதல்

பழைய கேஸ்கட், ஓ-ரிங், மிதவை ஊசி ஆகியவற்றை மாற்றிவிடுவது நல்லது. ஊசியின் முனையில் வளையமாகத் தேய்மானம் தெரிந்தால் அது பெட்ரோலை முழுதும் தடுக்காது. அப்போது பெட்ரோல் வழிந்து வெளியே கொட்டும். சிலவேளை எஞ்சினுக்குள் இறங்கி எண்ணெயை நீர்க்கச் செய்துவிடும். எண்ணெய் நீர்த்தால் தேய்மானம் கூடி எஞ்சினே கெடும்.

மிதவையைக் காதருகே குலுக்கிப் பாருங்கள். உள்ளே திரவம் தளும்பினால் மிதவை ஓட்டை. பெட்ரோல் புகுந்த மிதவை கனமாகித் தாழ்ந்துவிடும், ஊசி மூடாது. ஆர்க்கிமிடீஸ் விதி இங்கேயும் வேலை செய்கிறது!

கிண்ணத்தில் பெட்ரோல் சரியான மட்டத்தில் நிற்கிறதா என்று மூடியைத் திறக்காமலே அறியலாம். வடிகுழாயில் ஒரு கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாயை மாட்டி, கார்புரேட்டரை ஒட்டி மேல்நோக்கிப் பிடித்து, வடிதிருகைத் திறக்க வேண்டும். இணைந்த பாத்திரங்களில் நீர்மட்டம் ஒன்றாக இருக்கும் என்று வகுப்பில் படித்திருக்கிறீர்கள் அல்லவா? குழாயில் தெரியும் மட்டமே கிண்ணத்தின் மட்டம்.

கார்புரேட்டரை எஞ்சினோடு இணைக்கும் ரப்பர் குழாயில் வெடிப்பு இருந்தால், கணக்கில் வராத காற்று அதன் வழியே புகுந்துவிடும். பெட்ரோல் தொட்டியில் துரு இருந்தால், சுத்தம் செய்த ஜெட் சில நாட்களில் மறுபடி அடைத்துக்கொள்ளும். இவ்விரண்டையும் பாராமல் பூட்டினால் உழைப்பு வீண்.

வண்டியைச் சிறிது தூரம் ஓட்டியபின், எஞ்சின் ஆறியதும் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்க்கலாம். முனை கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி. வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு. இளம் பழுப்பு நிறமாக இருந்தால் கலவை சரி.

வருமுன் காத்தல்

இத்தனை வேலையையும் தவிர்க்க ஒரு வழி இருக்கிறது. வண்டியை மாதக்கணக்கில் நிறுத்துவதானால், பெட்ரோல் குழாயை மூடிவிட்டு, கிண்ணத்தின் வடிதிருகைத் திறந்து, மிச்ச பெட்ரோலை ஒரு பாத்திரத்தில் வடித்துவிட வேண்டும். பெட்ரோல் இல்லாத கிண்ணத்தில் பிசின் ஏது? இதற்கு 5 நிமிடம் போதும்.

இன்றைய புதிய ஏ.டி.வி.க்களில் பலவற்றில் கார்புரேட்டருக்குப் பதிலாக, மின்னணுக் கட்டுப்பாட்டில் பெட்ரோலைப் பீய்ச்சும் கருவி இருக்கிறது. இந்தியாவிலும் 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 விதிகள் வந்தபின் புதிய இருசக்கர வாகனங்கள் பெரும்பாலும் அம்முறைக்கு மாறிவிட்டன. ஆயினும் பழைய வண்டிகள் இன்னும் நம் தெருக்களில் ஓடுகின்றன.

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ நெடுநாள் நின்ற பழைய வண்டி ஒன்று, சோக்கை இழுத்தால் மட்டும் ஓடுகிறதா? அதைப் பழைய இரும்புக்கடைக்கு அனுப்பிவிடாதீர்கள். விவரமறிந்த ஒருவரிடம் ஸ்லோ ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பார்க்கச் சொல்லுங்கள். கையில் கம்பி எடுத்தால் மட்டும் தடுத்துவிடுங்கள்!