சீட்டைத் தூக்கினால் தெரியும் சங்கதி

முதலில் ஒரு வித்தை. மின்சார ஸ்கூட்டியின் பின் சக்கரம் நிலத்தில் படாதபடி நடு ஸ்டாண்டில் நிற்கிறது. பற்றரியைக் கழற்றியாயிற்று. சக்கரத்தைச் சுண்டிவிட்டால் சும்மா வழுக்கிக்கொண்டு சுற்றுகிறது. சக்கரத்தின் நடுவிலிருந்து மஞ்சள், பச்சை, நீலம் என மூன்று தடித்த வயர்கள் வெளியே வருகின்றன. அவற்றில் இரண்டின் முனைகளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, "இப்ப சுத்துங்க தம்பி" என்றார் ஸ்கூட்டி திருத்தும் பாஸ்.

சுற்றினேன். சக்கரம் அசைய மாட்டேன் என்கிறது! யாரோ உள்ளே உட்கார்ந்து இழுத்துப் பிடிப்பதுபோல் முண்டுகிறது. பிரேக்கில் யாரும் கை வைக்கவில்லை. வயரை விட்டால் மறுபடி வழுவழுவென்று ஓடுகிறது. நான் நாலைந்து தடவை செய்து பார்த்தேன், வெட்கமே இல்லாமல்.

சூட்சுமம் இதுதான். சக்கரத்துக்குள் வட்டமாகக் காந்தங்கள், நடுவில் செப்புக் கம்பிச் சுருள்கள். காந்தம் சுற்றும்போது சுருளில் தானாகவே மின்சாரம் பிறக்கிறது. வயர்களைச் சேர்த்துவிட்டால் அந்த மின்சாரம் ஓட வழி கிடைத்து, சுற்றுவதையே எதிர்க்கிறது. பாஸுக்கு இது வேடிக்கை இல்லை, நோய் கண்டுபிடிக்கும் வழி. செத்துப்போன ஸ்கூட்டியை உருட்டிக்கொண்டு வருகிறவர் "தள்ளவே கஷ்டமா இருக்கு" என்றால், மோட்டரை இயக்கும் கொன்ட்ரோலர் பெட்டிக்குள் இருக்கும் மின் சுவிட்சுகள் எரிந்து ஒட்டிக்கொண்டிருக்கலாம் என்று மீற்றரை எடுக்குமுன்பே சந்தேகப்படுகிறார். மூன்று வயரையும் கழற்றியதும் சக்கரம் லேசாகிவிட்டால் சந்தேகம் உறுதி.

மாத்தளைக்கும் கலேவெலைக்கும் இடையே இருக்கும் பல்லேபொலையில், கார்புரேட்டர் கழுவிப் பழகிய பாஸின் கைகள் இந்த வித்தையெல்லாம் கற்றதற்குக் காரணம் 2022. அந்த வருடத்தை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். யூன் கடைசியில் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபா. அத்தியாவசிய சேவைகளுக்குத் தவிர மற்றவர்களுக்கு விற்பனையே நிறுத்தம். பிறகு கியூஆர் அட்டை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர். 2020 மார்ச்சிலிருந்து வாகன இறக்குமதியும் முடங்கிக் கிடந்தது; தனியார் வாகனங்களுக்குக் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட காலத்தில் பிளக்கில் செருகி ஓட்டக்கூடிய எதுவும் தங்கம்.

சரி, சீட்டைத் தூக்குவோம். உள்ளே வரிசையாக ஐந்து கறுப்புப் பெட்டிகள். ஒவ்வொன்றும் 12 வோல்ட், 20 அம்பியர்-மணி. உள்ளே இருப்பது ஈயமும் அமிலமும், கார் பற்றரியின் அதே பழைய சாதி. ஐந்தையும் தொடராக இணைத்தால் 60 வோல்ட், மொத்தம் 1.2 அலகு மின்சாரம். இவ்வளவுதானா என்று ஏமாற்றமாக இருந்தது! ஆனால் தராசில் வைத்தால் ஏமாற்றம் போய்விடும். முப்பது கிலோவுக்குக் குறையாது.

"எனக்கு ஐந்து பற்றரியும் போச்சு" என்று வருகிறவர்களில் பலருக்குப் போயிருப்பது ஒன்றுதான். தொடரில் நலிந்த ஒன்று மற்ற நாலையும் கீழே இழுக்கிறது. சுமை கொடுத்து ஒவ்வொன்றாக அளந்தால் கள்ளன் அகப்படுவான்: நாலும் 12 வோல்ட்டுக்குக் குறையாமல் நிற்க, ஒன்று மட்டும் 10க்குக் கீழே சரியும். அதற்குப் பதிலாகப் புத்தம் புதியதைப் போடலாமே என்றேன். பாஸ் சிரித்தார். பழையவை சார்ஜில் முதலில் நிறைந்து சூடேறும், புதியது அரைகுறையாகவே நிற்கும், கடைசியில் எல்லாம் சேர்ந்து கெடும். அதனால் பழைய பற்றரிகளை அவர் எறிவதே இல்லை. ஒத்த வயது, ஒத்த பலம் பார்த்து ஜோடி சேர்க்கிறார். கல்யாணத் தரகர் வேலை! முற்றாகச் செத்தவையும் எடைக்குப் போகும். ஈயத்துக்கு எப்போதும் ஆள் உண்டு.

இப்போது காசுக் கணக்கு. இதைத்தான் கடைக்காரர்கள் பாதியில் நிறுத்துகிறார்கள். ஒரு முழுச் சார்ஜுக்குச் சுவரிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை அலகு போகும். அலகு 30 ரூபா என்று வைத்தாலும் 45 ரூபாதான். அதில் 40 கிலோமீற்றர் ஓடினால் கிலோமீற்றருக்கு ஒரு ரூபா சொச்சம். பெற்றோல் லீற்றர் 300 ரூபா என்று வைத்து, லீற்றருக்கு 45 கிலோமீற்றர் ஓடினால் கிலோமீற்றருக்கு 6 ரூபா 67 சதம். ஆகா, வெற்றி! பொறுங்கள். ஈய அமிலப் பற்றரி ஆழமாக வடித்து நிரப்பினால் 300 முதல் 500 சார்ஜ் வரை தாங்கும். அதைச் சுமார் 15,000 கிலோமீற்றர் என்று எடுங்கள். ஐந்து பற்றரிக்கும் சேர்த்து, கணக்குக்காக, ஒரு லட்சம் போடுங்கள். வகுத்துப் பாருங்கள்: கிலோமீற்றருக்கு 6 ரூபா 67 சதம். பெற்றோலின் அதே தொகை! செலவு மின்சாரத்தில் இல்லை, சீட்டுக்குக் கீழே இருக்கிறது. ஒன்றை மாற்றி மற்ற நாலையும் இன்னும் ஒரு வருடம் ஓட்டத் தெரிந்த பாஸ் ஒருவர் ஊரில் இருந்தால் கணக்கு நம் பக்கம் சாயும், இல்லாவிட்டால் இல்லை.

ஏற்ற இறக்கம் உள்ள ஊரில் இன்னொரு விசயமும் சேரும். ஆளும் வண்டியுமாக 180 கிலோ, நூறு மீற்றர் உயரம் ஏறினால் அந்த உயரத்துக்கு மட்டுமே 50 வாட்-மணி வேண்டும். சூடாகிப் போகும் நட்டம் தனி. சக்கர மோட்டரும் சூடேறும். மழைத் தண்ணீரும் உள்ளே போனால் சாவது பெரும்பாலும் ஹோல் சென்சர், காந்தம் எங்கே நிற்கிறது என்று அறியும், மூன்று கால் உள்ள கடுகளவுச் சில்லு. மோட்டருக்குள் மூன்று இருக்கும். ஒன்று போனால் வண்டி குலுங்கிக் குலுங்கிக் கிளம்பும். சென்சரின் விலை சொற்பம். கூலி முழுவதும் மோட்டரைத் திறப்பதற்கு. காந்தங்கள் சுருள் சுற்றிய இரும்பை வெடுக்கென்று இழுக்கும், விரல் நசுங்கும். சோல்டர் வைக்கத் தெரிந்தால் அரை நாள் வேலை. முழு மோட்டரையும் மாற்று என்று சொல்லும் கடையை நம்பாதீர்கள்.

லித்தியம் பெட்டி வேறு கதை. பாதி எடை, நீண்ட ஆயுள். லித்தியம் இரும்பு பொஸ்பேற் வகை ஈராயிரம் சார்ஜ் வரை போகும். ஆனால் செல்கள் நிக்கல் பட்டியால் ஒட்டவைக்கப்பட்டு, மேலே ஒரு காவல் சர்க்கியூட், அதற்கும் மேலே பசை போட்ட மூடி. காவல் சர்க்கியூட் ஒரேயடியாகக் கதவைச் சாத்தினால் உள்ளே நல்ல செல்கள் இருந்தும் பெட்டி பிணம்தான். இதை மட்டும் வீட்டில் திறக்காதீர்கள், ஸ்பானர் தவறி விழுந்தால் தீ.

பணக்கார நாடுகளிலும் இதே தலையிடிதான். அம்ஸ்டர்டாமின் வான்மூஃப் நிறுவனம் 2023 யூலையில் வங்குரோத்தானபோது, தங்கள் சைக்கிளைத் திறக்கும் செயலியே செத்துப்போகுமோ என்று வாங்கியவர்கள் பதறினார்கள். போட்டி நிறுவனமான கவ்போய் வந்து சாவியைக் காப்பாற்றி வைக்க ஒரு செயலி கொடுத்தது! ஐரோப்பிய ஒன்றியம் இப்போது சட்டமே போட்டுவிட்டது: 2027 பெப்ரவரியிலிருந்து, இவ்வகை இலகு வாகனங்களின் பற்றரியையும் அதன் தனித்தனி செல்களையும் வெளியாள் மெக்கானிக் ஒருவர் கழற்றி மாற்றக்கூடியதாக இருக்க வேண்டும். பல்லேபொலையின் கறுப்புப் பெட்டிகள் அந்தப் பரீட்சையில் பாதியை ஏற்கெனவே பாஸ் பண்ணிவிட்டன. பழைய தொழில்நுட்பம் என்று நான் இளக்காரமாகப் பார்த்த ஈயத்துக்கே என் வாக்கு, குறைந்தபட்சம் லித்தியம் பெட்டியைத் திறக்கத் தெரிந்தவர் ஊருக்கு வரும்வரை.

வாங்கப் போகிறவர்கள் விற்பவரிடம் கேட்க வேண்டியது: பற்றரி தனித்தனியாகக் கிடைக்குமா, கொன்ட்ரோலரும் சென்சரும் எந்தக் கடையில் வாங்கலாம், மோட்டார் போக்குவரத்துத் திணைக்களப் பதிவுப் பத்திரம் எங்கே. மூன்றுக்கும் நேரான பதில் வராவிட்டால் முற்பணம் கொடுக்காதீர்கள்.