தறி வீட்டுப் பிள்ளையும் பைலட் ஆகலாம்!
200 மணி நேரம் பறக்கக் காசுக்கு எங்கே போவது?
பக்கத்து அரக்கோணத்திலேயே இருக்குது பதில்!

ஆர்.கே.பேட்டை,-

தறிச் சத்தத்தையும் மீறி வானத்தில் இரைச்சல் கேட்டால், ஆர்.கே.பேட்டை பிள்ளைகள் அண்ணாந்து பார்ப்பார்கள்.

"நானும் பைலட் ஆகணும்" என்று ஒரு பிள்ளை சொன்னால், "அதுக்கெல்லாம் பணக்கார வீட்டிலே பொறக்கணும்டா" என்று பெரியவர்கள் வாயை அடைத்து விடுவார்கள்.

அந்தப் பேச்சு பாதிதான் சரி!

லட்சங்கள் கரையும்

சம்பளத்துக்கு விமானம் ஓட்ட 'கமர்ஷியல் பைலட்' லைசென்சு வேண்டும். 18 வயது ஆகியிருக்க வேண்டும். டாக்டர் சோதனையிலும், எழுத்துப் பரீட்சைகளிலும் தேற வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் 100 மணி நேரம் தன் பொறுப்பிலேயே ஓட்டியிருக்க வேண்டும். எல்லாம் 'லாக்' புத்தகத்தில் பதிவாக வேண்டும்.

விமானம், பெட்ரோல், பயிற்சியாளர் என்று எல்லாச் செலவும் மாணவன் தலையில்தான். பல லட்சம் ரூபாய் கரைந்து விடும்.

லைசென்சு வந்த மறுநாளே வேலை கதவைத் தட்டாது. பயணிகள் விமானத்துக்குத் தனிப் பயிற்சி, அதற்கும் பணம்! கேப்டன் நாற்காலிக்கு 1,500 மணி நேரம். பயிற்சிப் பள்ளியிலேயே ஆசிரியராகச் சேர்ந்து, சம்பளத்தோடு மணிக்கணக்கையும் ஏற்றிக் கொள்பவர்கள் உண்டு.

தறியை விற்று இதில் இறங்குகிறவர்கள் இந்தக் கணக்கை முதலிலேயே போட்டுப் பார்ப்பது நல்லது.

சர்க்கார் செலவில்

இன்னொரு பாதையில் பறக்கும் செலவு முழுவதும் சர்க்காருடையது.

அரக்கோணத்தில் 1992-ல் தொடங்கப்பட்டது 'ராஜாளி' கடற்படை விமானத் தளம். ஹெலிகாப்டர் பைலட்டுகளுக்குப் பயிற்சி கொடுக்கும் பள்ளியும் அங்கே இருக்கிறது. 22 வாரப் பயிற்சி முடித்து 2024 ஜூன் 7-ந் தேதி 21 அதிகாரிகள் அங்கே தங்கச் சிறகு சின்னம் பெற்றார்கள்.

அதில் ஒருவர் பெண்! சப்-லெப்டினன்ட் அனாமிகா பி.ராஜீவ். இந்தியக் கடற்படையின் முதல் பெண் ஹெலிகாப்டர் பைலட் அவர்தான்.

படைகளில் பைலட் ஆகப் பல வாசல்கள் உண்டு. பிளஸ் 2 படிப்போடு நுழையும் வாசல் என்.டி.ஏ. பரீட்சை. வயது 16½ முதல் 19½ வரை. 2022 முதல் பெண்களும் அங்கே சேர்ந்து வருகிறார்கள். அவர்களுக்குப் பரீட்சைக் கட்டணமே கிடையாது.

எச்சரிக்கை!

போட்டி கடுமை. விமானப் படையில் பைலட் திறன் சோதனை ஆயுளில் ஒரே முறைதான். கோட்டை விட்டால் மறுவாய்ப்பு இல்லை! சேர்ந்த பிறகு நினைத்தபோது வேலையை உதறிவிட்டு வரவும் முடியாது.

ஆனால் அங்கே பறந்த மணி நேரம் வீண் போகாது. படையிலிருந்து விடுபட்டபின் சிவில் லைசென்சு வாங்கி, பயணிகள் விமானம் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

என்.டி.ஏ. வழியாக விமானப் படை, கடற்படைக்குப் போக, பிளஸ் 2-வில் இயற்பியலும் கணிதமும் கட்டாயம். ஆகவே, பிளஸ் 1-ல் 'குரூப்' எடுக்கும் அன்றைக்கே பாதி முடிவாகி விடுகிறது என்பது குறிப்பிடத்தக்கது.