உறவுகளின் மொழி: பாரதியின் குடும்பமும் கவிதையும்

நுழையும்முன்

பெற்ற கல்வியும் வாழ்ந்த காலமும் மட்டுமே ஓர் எழுத்தாளரை உருவாக்குவதில்லை. தாயின் மடி, தந்தையின் கண்டிப்பு, வாழ்க்கைத்துணையின் பொறுமை, குழந்தையின் மழலை ஆகியனவும் அவரது மொழிக்குள் நுழைகின்றன. இவை படைப்பில் அப்படியே பதிவாவதில்லை, உருமாறி வெளிப்படுகின்றன. அந்த உருமாற்றத்தைப் பாரதியின் வாழ்வையும் படைப்பையும் கொண்டு இப்பாடம் விளக்குகிறது.

பெயரில் வாழும் உறவு

தமிழ் இலக்கிய மரபில் புலவரின் அடையாளமும் குடும்ப உறவும் தொன்றுதொட்டே பிணைந்துள்ளன. சங்கப்புலவர் நக்கீரரின் முழுப்பெயர் ‘மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார்’ என்று வழங்குகிறது. கணக்காயர் என்பது ஆசிரியரைக் குறிக்கும் சொல். தந்தையின் தொழிலும் ஊரும் சேர்ந்தே மகனின் புலமைக்கு முகவரி தந்தன. புறநானூற்றின் 112ஆம் பாடலைப் பாடியோர் ‘பாரி மகளிர்’ என்றே குறிக்கப்படுகின்றனர். அவர்தம் இயற்பெயர் பாடலோடு சேர்ந்து வரவில்லை. தந்தையே அவர்களுக்குப் பெயரானார். தந்தையையும் அவரது பறம்பு மலையையும் இழந்த துயரே அவர்களுக்குப் பாடுபொருளும் ஆயிற்று.

ஆக, உறவு ஒரு படைப்பாளிக்கு இரண்டைத் தருகிறது. ஒன்று, ‘நான் யார்?’ என்னும் அடையாளம். மற்றொன்று, ‘எதைப் பாடுவேன்?’ என்னும் பொருள். இவ்விரண்டையும் பெற்றுக்கொண்டு, அவற்றைத் தாம் விரும்பிய வடிவில் மாற்றியமைத்தவர் பாரதி.

தாயின் இழப்பும் தந்தையின் கனவும்

பாரதி 1882ஆம் ஆண்டு திசம்பர் 11ஆம் நாள் எட்டயபுரத்தில் சின்னசாமி ஐயருக்கும் இலக்குமி அம்மாளுக்கும் மகனாகப் பிறந்தார். அவருடைய ஐந்தாம் அகவையில் தாயார் மறைந்தார். சிற்றன்னையின் வரவால் வீடு மீண்டும் நிறைந்தது. எனினும், தாயை இளமையில் பிரிந்த ஏக்கம் அவர் மனத்தில் ஆழப் பதிந்தது.

எட்டயபுரம் அரண்மனையில் பணியாற்றிய தந்தை, கணக்கிலும் இயந்திரங்களிலும் ஈடுபாடு மிக்கவர். மகன் ஆங்கிலம் கற்று உயர்ந்த பதவியில் அமர வேண்டும் என்பது அவருடைய கனவு. மகனின் மனமோ பாட்டில் தோய்ந்திருந்தது. பதினோராம் அகவையிலேயே எட்டயபுரத்துப் புலவர் அவையில் ‘பாரதி’ என்னும் பட்டம் அவருக்கு வழங்கப்பட்டது. சுப்பிரமணியன் என்பது குடும்பம் இட்ட பெயர். பாரதி என்பது கவிதை ஈட்டிய பெயர். இரண்டும் இணைந்தே ‘சுப்பிரமணிய பாரதி’ என்றாயிற்று.

தந்தை தொடங்கிய பஞ்சாலை முயற்சி வீழ்ந்தது. செல்வம் கரைந்தது, 1898இல் தந்தையும் மறைந்தார். பின்னாளில் கவிதை வடிவில் எழுதிய தன்வரலாற்றில் பாரதி இந்நிகழ்வுகளைத் திரும்பிப் பார்க்கிறார். தந்தையின் ஆணைக்கு அஞ்சி, பிற சிறுவரோடு ஆடி ஓடாமல் தனித்து நின்ற துயரை அதில் கூறுகிறார். தந்தை பெரும்பொருள் செலவிட்டுத் தந்த ஆங்கிலக் கல்வி தமக்குப் பயன்படவில்லை எனவும் கடுமையாக எழுதுகிறார். ஆயினும், தந்தையின் செல்வ இழப்பைப் பேசுமிடத்தில் அவரைப் பழிக்கவில்லை. அவ்வீழ்ச்சிக்குப் பிறர் செய்த சூழ்ச்சியே காரணம் என்கிறார். ஒரே கவிதையில் மகனின் மனக்குறையும் மகனின் பரிவும் அருகருகே நிற்கின்றன.

இதே இளமைச் சூழலைப் பாரதி உரைநடையிலும் கையாண்டுள்ளார். முற்றுப்பெறாத ‘சின்னச் சங்கரன் கதை’, சிற்றூர் அரண்மனை ஒன்றில் வளரும் சிறுவனின் கதையை நகைச்சுவையோடு சொல்கிறது. கவிதையில் துயரமாக ஒலித்த இளமை, கதையில் எள்ளலாக மாறுகிறது. வாழ்க்கை ஒன்றே, அதிலிருந்து எதை எடுப்பது, எக்குரலில் சொல்வது என்பதைப் படைப்பாளியே தேர்ந்துகொள்கிறார்.

அத்தையின் வீடு தந்த புதிய உலகம்

தந்தையை இழந்த பாரதிக்குக் காசியில் வாழ்ந்த அத்தை குப்பம்மாளும் அவர் கணவர் கிருஷ்ண சிவனும் அடைக்கலம் தந்தனர். அங்கே அவர் இந்தியும் வடமொழியும் கற்றார். பல மொழியினரும் கலந்து வாழும் நகரம் அவர் கண்முன் விரிந்தது. தலைப்பாகையும் மீசையும் கொண்ட அவரது தோற்றமும் அங்கேதான் உருப்பெற்றது. நெருங்கிய உறவின் இழப்பு ஒரு வாயிலை அடைக்க, மற்றோர் உறவு வேறொரு வாயிலைத் திறந்தது. காசி வாழ்க்கை அமையாதிருந்தால், எட்டயபுரத்துக் கவிஞர் இந்தியா முழுவதையும் தம் வீடாகக் காணும் பார்வையைப் பெறுவதற்கு மேலும் காலம் பிடித்திருக்கலாம்.

செல்லம்மாள்: கவிதைக்குப் பின்னிருந்த வாழ்வு

பாரதிக்கு 1897ஆம் ஆண்டு, பதினான்காம் அகவையில் திருமணம் நிகழ்ந்தது. மணமகள் கடையத்தைச் சேர்ந்த செல்லம்மாள். அப்போது அவருக்கு அகவை ஏழு. குழந்தை மணத்தைப் பிற்காலத்தில் கண்டித்த கவிஞரின் திருமணமே அத்தகையதாக இருந்தது. தாம் சாடிய வழக்கத்தை அவர் நூல்களிலிருந்து அறியவில்லை. தம் வாழ்விலிருந்தே அறிந்திருந்தார்.

1905இல் காசியில் நடைபெற்ற காங்கிரசு மாநாட்டிற்குச் சென்ற பயணத்தில் பாரதி, சகோதரி நிவேதிதையைச் சந்தித்தார். மனைவியை உடன் அழைத்து வராதது ஏன் என்று நிவேதிதை வினவினார். அது வழக்கமில்லை என்று பாரதி கூற, பெண்களைப் பின்னிறுத்திவிட்டு நாட்டுக்கு விடுதலை தேடுவது எவ்வாறு பொருந்தும் என்னும் கருத்தை அவர் உணர்த்தினார். அவரைத் தம் ஞானகுருவாக ஏற்ற பாரதி, தம் கவிதைநூலை அவருக்கே காணிக்கையாக்கினார். பெண்விடுதலை குறித்த அவரது எழுத்துக்கு அவர்தம் இல்லறத்தின்மீது எழுப்பப்பட்ட அவ்வினாவும் ஒரு தூண்டுகோலாயிற்று.

எனினும், கொள்கையை எழுதுவதும் குடும்பத்தை நடத்துவதும் ஒன்றல்ல. அடக்குமுறைக்கு ஆட்படாமல் எழுதுவதற்காக 1908இல் பாரதி புதுச்சேரிக்குச் சென்றார். அங்கு வாழ்ந்த பத்தாண்டுகளில் வறுமை நிலைத்த விருந்தினராக வீட்டில் தங்கியது. செல்லம்மாள் சமையலுக்கு வைத்திருந்த அரிசியைப் பாரதி குருவிகளுக்கு இறைத்து மகிழ்ந்த நிகழ்வு பலரும் அறிந்தது. பறவைகளையும் தம் இனமாகக் கண்ட கவிஞரின் அருளுள்ளத்திற்குச் சான்றாக அது சொல்லப்படுகிறது. அதே நிகழ்வுக்கு அடுக்களைப் பக்கமிருந்து காணும் பார்வையும் உண்டு. உலை வைக்க அரிசியில்லாத வீட்டில், அன்றைய உணவுக்கு வழிதேடும் பொறுப்பு செல்லம்மாளுடையது. கவிஞரின் பரந்த மனம் பாட்டாக மலர்ந்தது. அதன் விலையைக் குடும்பம் செலுத்தியது. இவ்விரு பார்வைகளையும் சேர்த்துக் காணும்போதுதான் அந்நிகழ்வின் முழுமை விளங்கும்.

செல்லம்மாள் வெறும் துன்பம் சுமந்தவர் அல்லர். அவருக்கும் சொல்வதற்குச் செய்திகள் இருந்தன. 1951இல் திருச்சி வானொலியில் ‘என் கணவர்’ என்னும் தலைப்பில் அவர் ஆற்றிய உரை, கவிஞரின் மனைவியாக வாழ்ந்ததன் இன்பதுன்பங்களை ஒளிவுமறைவின்றிப் பேசுகிறது. பாரதியைப் புகழ்ந்த நாடு, பாரதியோடு வாழ்ந்தவரின் குரலையும் அதன்வழிக் கேட்டது.

உறவுப்பெயர்கள் கவிதையாதல்

தாய், தந்தை, பிள்ளை, தோழன் முதலியவை அன்றாடச் சொற்கள். அவற்றைப் பேருண்மைகளைப் பேசும் சொற்களாக மாற்றியதே பாரதியின் தனித்தன்மை. 1917இல் பரலி சு. நெல்லையப்பரால் வெளியிடப்பட்ட ‘கண்ணன் பாட்டு’ இதற்குச் சிறந்த சான்று. அதில் கண்ணன் தோழனாகவும் தாயாகவும் தந்தையாகவும் அரசனாகவும் சீடனாகவும் குருவாகவும் காதலனாகவும் வருகிறான். கண்ணம்மா என்னும் பெயரில் குழந்தையாகவும் காதலியாகவும் தோன்றுகிறான்.

இறைவனை உறவாகக் காண்பது தமிழில் புதிதன்று. பெரியாழ்வார் தம்மை யசோதையாகப் பாவித்துக் கண்ணனைப் பாடினார். சுந்தரர் ‘தம்பிரான் தோழர்’ எனப் போற்றப்பட்டார். அம்மரபைப் பாரதி மேலும் ஒருபடி நகர்த்தினார். அடியவர் தம்மை இறைவனின் பணியாளராகக் கூறிக்கொள்வதே பெருவழக்கு. பாரதியோ கண்ணனைத் தம் வீட்டுச் சேவகனாக்கினார். கூலி, பிள்ளை வளர்ப்பு, வீட்டுக்காவல் என இல்லத்தின் அன்றாடக் கவலைகள் அனைத்தும் அப்பாட்டில் இறையனுபவமாக மாறுகின்றன. குடும்பச்சுமையை உள்ளபடி உணர்ந்த ஒருவருக்கே அக்கற்பனை கைகூடும்.

அவருடைய மகள்கள் தங்கம்மாளும் சகுந்தலாவும் அவர் கவிதைக்குக் குழந்தைகளின் மொழியைத் தந்தனர். ‘பாப்பாப் பாட்டு’ இளைய மகள் சகுந்தலாவை மனத்திற்கொண்டு பாடப்பட்டது என்பர். ஒரு மகளுக்குச் சொல்லும் எளிய சொற்களில் அமைந்ததாலேயே, அது தமிழ்நாட்டுக் குழந்தைகள் அனைவருக்கும் உரியதாயிற்று.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. பாரதி நாட்டைத் தாயாகப் பாடியதற்கு அவர் தாயை இழந்ததே காரணம் என்று முடிவுகட்டுதல் பொருந்தாது. பங்கிம் சந்திரரின் ‘வந்தே மாதரம்’ நாடெங்கும் ஒலித்த காலம் அது. அப்பாடலைப் பாரதியும் தமிழாக்கினார். சக்தி வழிபாட்டின் மரபும் அவருக்கு இருந்தது. காலமும் மரபும் கொடுத்த படிமத்திற்கு வாழ்வின் ஏக்கம் வெம்மை ஊட்டியிருக்கலாம். இளமையில் தாயை இழந்தோர் பலர். அவ்விழப்பைக் கவிதையாக்கியோர் சிலர். குடும்பம் தருவது மண். விளைச்சல் படைப்பாளியின் உழைப்பு.

தெரிந்து தெளிவோம்

காசியில் இருந்தபோது செல்லம்மாளுக்கு எழுதிய கடிதத்தில், கவலை தோன்றும் நேரங்களில் தமிழை நன்றாகப் படிக்குமாறு பாரதி அறிவுறுத்தினார். பின்னாளில் செல்லம்மாள் சொல்ல, மூத்த மகள் தங்கம்மாள் எழுதிய ‘பாரதியார் சரித்திரம்’ பாரதியின் இல்வாழ்வை அறிய உதவும் முதன்மைச் சான்றுகளுள் ஒன்றாயிற்று. இளைய மகள் சகுந்தலா ‘என் தந்தை’ என்னும் நூலை எழுதினார்.

குருதி கடந்த குடும்பம்

பிறப்பால் அமையும் உறவுகளோடு, விரும்பி அமைத்துக்கொள்ளும் உறவுகளும் எழுத்தாளரை உருவாக்குகின்றன. பாரதி தம்மினும் இளையவரான நெல்லையப்பரைத் ‘தம்பி’ என விளித்துக் கடிதம் எழுதினார். ஒடுக்கப்பட்ட சமூகத்தில் பிறந்த கனகலிங்கத்திற்குப் பூணூல் அணிவித்துத் தம் அன்பு வட்டத்தில் இணைத்துக்கொண்டார். புதுச்சேரியில் நண்பர் மண்டயம் சீனிவாசாச்சாரியாரின் மகள் யதுகிரி, பாரதிக்கும் மகள்போலவே விளங்கினார். அவர் எழுதிய நினைவுக்குறிப்புகள் பல பாடல்கள் பிறந்த சூழலைக் காட்டுகின்றன.

புதுச்சேரிக் கவிஞர் கனக சுப்புரத்தினம், பாரதியின்மீது கொண்ட பற்றால் தம் பெயரையே ‘பாரதிதாசன்’ என்று அமைத்துக்கொண்டார். அவர் பெயரின் முன்னிருந்த ‘கனக’ என்பது தந்தை கனகசபையைக் குறிப்பது. நக்கீரனாருக்குப் பெயர் வழங்கியது பிறப்பால் வந்த உறவு. பாரதிதாசனுக்குப் பெயர் வழங்கியது உள்ளத்தால் தேர்ந்த உறவு.

குடும்பம் காத்த கவிதை

1920இல், தம் படைப்புகளை நாற்பது நூல்களாக அச்சிடப் பாரதி திட்டமிட்டார். அதற்குப் பொருள் திரளவில்லை. 1921ஆம் ஆண்டு செப்டம்பரில் தம் முப்பத்தொன்பதாம் அகவை நிறைவதற்கு முன்பே அவர் மறைந்தார். அவர் விட்டுச்சென்ற செல்வம் கையெழுத்துப் படிகளும் இதழ்களில் சிதறிக் கிடந்த எழுத்துகளுமே. செல்லம்மாள் ‘பாரதி ஆசிரமம்’ என்னும் பெயரில் நூல்களை வெளியிட முனைந்தார். பின்னர்ச் சிற்றன்னையின் மகனும் பாரதியின் தம்பியுமாகிய விசுவநாதன் ‘பாரதி பிரசுராலயம்’ வழியாக அப்பணியைத் தொடர்ந்தார். 1949இல் அரசு அப்படைப்புகளின் உரிமையைப் பெற்றது. பின்பு அவை மக்களின் பொதுவுடைமை ஆயின. ஒரு குடும்பத்தின் பெட்டியில் இருந்த தாள்கள், மொழி பேசும் அனைவரின் சொத்தாயின.

எழுத்தாளரின் வாழ்வில் குடும்பம் ஊற்றாகவும் தடையாகவும் காவலாகவும் இருக்கிறது. ஒரு படைப்பை வாசிக்கும்போது அதை எழுதியவரை மட்டுமன்றி, எழுதுவதற்கு இடம் தந்து தம் வாழ்வைக் கொடுத்தவரையும் எண்ணிப் பார்ப்பது நல்ல வாசிப்பின் இயல்பு. கண்ணன் பாட்டின் வரிகளில் பாரதி கேட்கிறார். அமைதியாகக் கேட்போர்க்குச் செல்லம்மாளும் கேட்பார்.

கற்பவை கற்றபின்...

1. பாரதி தம் இளமையைக் கவிதையிலும் கதையிலும் வெவ்வேறு குரலில் கூறியதற்கான காரணங்களைக் குழுவில் கலந்துரையாடுக.

2. குருவிகளுக்கு அரிசி இறைத்த நிகழ்வைச் செல்லம்மாள் கூறுவதுபோல் ஒரு பக்க அளவில் எழுதுக.

3. ‘குடும்பம் தருவது மண், விளைச்சல் படைப்பாளியின் உழைப்பு’ – இக்கருத்தை நீங்கள் அறிந்த வேறோர் எழுத்தாளரின் வாழ்வோடு ஒப்பிட்டு உரையாற்றுக.