தண்டோரா போட்டவர்களும் செய்தி எழுதியவர்களும்

தமிழ்நாட்டிலேயே மிக வெற்றிகரமாக விளம்பரப்படுத்தப்பட்ட கல்வெட்டு எதுவெனில், காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூரில் உள்ள முதலாம் பராந்தக சோழனின் கல்வெட்டைத்தான் சொல்ல வேண்டும். 2020 டிசம்பர் 10 அன்று புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டிய பிரதமர் மோடி, இந்திய ஜனநாயகத்தின் தொன்மைக்குச் சான்றாக அதை முன்வைத்தார். 2023 ஜனவரியில் தமது வானொலி உரையிலும் அதைக் குறிப்பிட்டார்.

குடவோலை முறையைப் பற்றிச் சொல்லப்படுவதில் பொய் இல்லை. ஆனால், கி.பி. 921ஆம் ஆண்டுக் கல்வெட்டு உறுப்பினருக்கு விதிக்கும் தகுதிகள் அந்தப் பெருமிதப் பேச்சுகளில் இடம்பெறுவதில்லை. கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலம், சொந்த மனையில் கட்டிய வீடு, 35 முதல் 70 வரை வயது, வேதப் பயிற்சி ஆகியவை அத்தகுதிகள். அது பிராமணர்களுக்குக் கொடையளிக்கப்பட்ட சதுர்வேதிமங்கலத்தின் சபை. அந்நிலத்தில் உழைத்தோரின் பெயர் எழுதிய ஓலை அந்தக் குடத்துக்குள் விழ வழியே இருக்கவில்லை.

எதைச் சொல்வது, எதை விடுவது என்று தீர்மானிப்பதே மக்கள் தொடர்புத் துறையின் அடிப்படை வேலை. இதழியலோ காட்சித் தொடர்பியலோ படித்துவிட்டு இத்துறைக்குள் நுழையும் முதல் தலைமுறைப் பட்டதாரிகள் இதை முதல் நாளே அறிந்திருக்க வேண்டும். தொடக்க நிலைப் பணிகள் எளியவையாகத் தோன்றும்: செய்திக்குறிப்பு எழுதுவது, நிருபர்களின் தொடர்புப் பட்டியலைப் பராமரிப்பது, செய்தியாளர் சந்திப்புக்கு ஏற்பாடு செய்வது, மறுநாள் நாளிதழ் நறுக்குகளைத் தொகுப்பது. ஆட்சியர் அலுவலகத்தின் செய்தி மக்கள் தொடர்புப் பிரிவானாலும் ஒரகடம் தொழிற்சாலையின் விளம்பரப் பிரிவானாலும் வேலை ஏறத்தாழ ஒன்றே.

சாதியும் இந்த எளிய வேலைகளின் வழியாகவே உள்ளே வருகிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் வழக்குப் பதிவான ஒரு தாக்குதல், குறிப்பில் ‘இரு தரப்பினரிடையே மோதல்’ என்று மாறும்போது, தாக்கியவரும் தாக்கப்பட்டவரும் சமமாகிவிடுகிறார்கள். பட்டா வழங்கும் நிழற்படத்தின் கீழ் மேடையில் நிற்கும் அனைவருக்கும் பெயர் உண்டு. பட்டா பெறும் பெண் மட்டும் வெறும் ‘பயனாளி’.

நம் ஊர்களில் இதற்கு நீண்ட முன்வரலாறு இருக்கிறது. அரசின் அறிவிப்பை ஊருக்குக் கொண்டுசேர்த்த தண்டோராவே கிராமத்தின் மக்கள் தொடர்பு. பறையடித்துக் கூவும் பணி தலித்துகள்மீது சுமத்தப்பட்டது; என்ன கூவ வேண்டும் என்பதை முடிவு செய்யும் உரிமை அவர்களிடம் இல்லை. 2022 ஆகஸ்டில்தான் அன்றைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு, அவ்வழக்கத்தைக் கைவிட்டு வாகனங்களில் ஒலிபெருக்கி வைத்து அறிவிக்குமாறு மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதினார். பறையின் இடத்தில் கணினி வந்துவிட்டதாலேயே அந்த உறவு மாறிவிட்டதாக நாம் கருத இயலாது. 2019இல் ஆக்ஸ்ஃபாம் இந்தியாவும் நியூஸ்லாண்ட்ரியும் வெளியிட்ட ஆய்வு, ஊடகங்களின் 121 தலைமைப் பொறுப்புகளில் 106இல் உயர்சாதியினர் இருப்பதையும், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஒருவர்கூட இல்லாததையும் கண்டறிந்தது. செய்திக்குறிப்பை எழுதும் இளைஞர் தலித்தாக இருக்கலாம். அதைத் திருத்துபவரும் வெளியிடுபவரும் யார் என்பதே கேள்வி.

மாற்று மரபும் இதே மண்ணில் உண்டு. உத்திரமேரூர் அடங்கியிருந்த அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் கோழியாளத்தில் பிறந்தவர் இரட்டைமலை சீனிவாசன். 1893இல் ‘பறையன்’ இதழைத் தொடங்கிய அவர், இழிவாக வீசப்பட்ட பெயரையே இதழின் தலைப்பாக்கினார். இந்தியக் குடிமைப் பணித் தேர்வை இந்தியாவிலும் நடத்தினால் நிர்வாகம் முழுதும் உயர்சாதியினர் கைக்குப் போய்விடும் என்று எதிர்த்து, 3,412 பேரின் கையொப்பத்துடன் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு மனு அனுப்பினார். சொல்ல வேண்டியதைத் தாமே எழுதி, சான்று திரட்டி, உரியவரிடம் சேர்த்த அச்செயலை முறையான மக்கள் தொடர்புப் பணி என்றே நாம் கொள்ள வேண்டும்.

இத்துறையின் முன்னோடியாகக் கருதப்படும் அமெரிக்கர் ஐவி லீ, உண்மைகளை விரைவாகவும் துல்லியமாகவும் மக்களுக்குத் தருவோம் என்று 1906இல் கொள்கைப் பிரகடனம் வெளியிட்டார். 1914இல் கொலராடோவின் லட்லோவில் வேலைநிறுத்தம் செய்த சுரங்கத் தொழிலாளர்களின் கூடார முகாம் தாக்கப்பட்டுப் பெண்களும் குழந்தைகளும் மாண்ட பின்னர், சுரங்க முதலாளி ராக்ஃபெல்லரின் தரப்பை மக்களிடம் எடுத்துரைத்தவரும் அவரே. ஊதியம் தருபவரின் நலனுக்கு முன் தொழிலறம் தானாக நிலைத்துவிடாது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

அதற்காக இத்துறையை விட்டு விலகுங்கள் என்று நாம் சொல்லவில்லை. முதல் ஊதியத்தை நம்பி ஒரு குடும்பமே காத்திருக்கையில், ஒவ்வொரு வரிக்கும் பதவி விலக யாராலும் முடியாது. ஆனால், பயனாளியின் பெயரைக் கேட்டு எழுதுவது எவராலும் முடியும். வழக்கு எந்தச் சட்டத்தின்கீழ் பதிவாகியுள்ளது என்பதை முதல் தகவல் அறிக்கையைப் பார்த்து எழுதலாம். மாற்றச் சொன்னால், அந்த உத்தரவை மின்னஞ்சலில் கேட்கலாம். எழுத்தில் தரத் தயங்கும் பல உத்தரவுகள் அங்கேயே கைவிடப்படும். பொய்யான தகவலை மட்டும் எந்நிலையிலும் எழுத மறுக்க வேண்டும்.

அலுவலகத்தில் கற்ற கலை ஊருக்கும் திரும்பி வர வேண்டும். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. சுடுகாட்டுப் பாதை குறித்தோ குடிநீர் குறித்தோ அங்கே நிறைவேறும் தீர்மானம், தேதியுடனும் எண்ணுடனும் ஒரு பக்கக் குறிப்பாக அன்று மாலையே நிருபர்களின் கைக்குச் சேர்ந்தால் அதை மூடி மறைப்பது கடினம். கால் வேலி நிலம் கேட்காத சபை இன்று உத்திரமேரூர் வட்டாரத்தின் ஒவ்வோர் ஊராட்சியிலும் கூடுகிறது. அங்கு நடப்பதை எழுதும் பொறுப்பை நம் பட்டதாரிகள் ஏற்க வேண்டும்.